அளந்து வெட்டிய இரவு

இரவு இரண்டு மணி.
படுக்கையறைச் சுவரில்
கதவுக் கைப்பிடியின் நிழல் தெளிவாக விழுகிறது.
வார்தோவில் ஜூன் மாதம் இப்படித்தான்.
கடலைத் தொட்டுவிடுவதுபோல் இறங்கி வந்து
மனம் மாறி
மறுபடி ஏறிக்கொள்கிறது சூரியன்.

எனக்கு அதில் குறையொன்றுமில்லை.
ஐலிஃபுக்குத்தான்.
நண்டு ஆலையில் இரவு வேலை அவனுக்கு.
ஏழுக்கு வருவான், எட்டுக்குப் படுப்பான்,
ஒன்பதுக்குக் கட்டில் விளிம்பில்
உட்கார்ந்திருப்பான்,
யாரோ அடித்து எழுப்பியதுபோல.
குளிர்காலத்தில் இந்தத் தொல்லையில்லை,
அப்போது பகலும் அவன் பக்கம்.

முதலில் குப்பைப் பைகளை ஒட்டினோம்.
காற்றில் அவை மூச்சு வாங்கின.
பிறகு அலுமினியத் தாள்.
மூன்றாம் நாள் கதவிடுக்கில் ஒரு சீட்டு:
'உங்கள் ஜன்னல்
என் சமையலறைக்குள் வெயிலை எறிகிறது.
அன்புடன், எதிர்வீட்டு போர்கில்ட்.'
கண்பட்டையும் வாங்கினான்,
தூக்கத்தில் பிடுங்கி எறிந்தான்.
நாய் அதைக் கொண்டுபோய்
எங்கோ புதைத்தது.

அப்புறம்தான் சனிக்கிழமை
கடலடிச் சுரங்கப் பாதை வழியாக
ஒருமணி நேரம் காரோட்டி
வாட்சோவுக்குப் போனோம்.

கடைக்காரி குன்வோர்
துணித்துண்டுகளை ஒரு வளையத்தில்
சாவிக்கொத்துபோல் கோத்து வைத்திருந்தாள்.
ஒவ்வொன்றாய் விளக்கின்மேல் பிடித்துக் காட்டினாள்.
'இது மங்கலாக்கும். இது இருட்டாக்கும்.
இரண்டும் ஒன்றல்ல.
கருப்பு என்றால் இருட்டு என்று நம்பாதீர்கள்,
இந்த வெள்ளையில் ஒரு ஊசிமுனை வெளிச்சம்
வருகிறதா, சொல்லுங்கள்?'
வரவில்லை.
வெள்ளைத் துணிக்குள்
ஓர் அமாவாசையை மடித்து வைத்திருந்தார்கள்.

சுருட்டும் திரையா, தேன்கூட்டு மடிப்பா,
தரைவரை விழும் வெல்வெட்டா?
சட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா?
உள்ளே என்றால் ஓரங்களில் கசியும்.
ஐலிஃப் பக்தனைப்போல் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

நான் விலைச்சீட்டைப் பார்த்தேன்.
மூவாயிரத்து நானூறு குரோனர்.
நவம்பரில் இதே பணப்பையிலிருந்து
இரண்டாயிரம் கொடுத்து
ஒரு விளக்கு வாங்கியவள் நான்.
காலைதோறும் கஞ்சிக் கிண்ணத்தோடு
அதன் முன்னால் அரைமணி நேரம்
முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தவள்.
ஜனவரியில் வட்டம் முழுதாய்த் தெரிந்த அன்று
கோட்டையில் பீரங்கி வெடிக்க,
அஞ்சலக வாசலில்
முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்தபடி அழுதவள்.
அப்படிக் காத்திருந்து வரவழைத்த விருந்தாளியை
வெளியே நிறுத்தத்தான்
இவ்வளவு காசா?

சொல்லவில்லை.
அவன் கண்ணுக்குக் கீழே இருந்த நிறம்
அந்த வளையத்தில் எந்தத் துண்டிலும் இல்லை.

'அகலம்?' என்றாள் குன்வோர்.
உள்ளங்கையில் எழுதி வந்திருந்தான்.
ராத்திரி உப்புநீர் அதைப் பாதி தின்றிருந்தது.
நூற்றுப் பதின்மூன்றா, பதினெட்டா?
மூன்று தலைகள் ஒரு கையைச் சுற்றிக் குனிந்தன.
'வெட்டிய துணியைத் திரும்ப வாங்கமாட்டேன்' என்றாள்.
'பதினெட்டு' என்றேன் நான்,
'பக்கத்துக்கு எட்டு சேர்த்தே வெட்டுங்கள்.
இருட்டு மிஞ்சினால் தப்பில்லை.'
என் வாயிலிருந்துதான் வந்தது அது.

செவ்வாய்க்கிழமை மதியம்
மறந்த கண்ணாடியை எடுக்க வீட்டுக்கு வந்தேன்.
தெருவெல்லாம் வெயில்,
போர்கில்ட் கொடியில் போர்வைகள் போட்டிருந்தாள்.
படுக்கையறைக் கதவைத் திறந்து
உள்ளே நுழைந்து மூடினேன்.
என் கை எனக்குத் தெரியவில்லை.
பன்னிரண்டு வருடம் புழங்கிய அறையில்
மேசை எங்கே, கட்டில் எங்கே?
தடவிப்போன விரலில்
ஒரு குதிகால் பட்டது, சூடாக.

'பனி பெய்கிறதா?' என்றான்,
விழிக்காமலே.

தோளில் வெயிலின் சூடு இன்னும் ஆறாமல்
ஒரு நிமிடம் நின்றேன்.

'கொஞ்சமாய்' என்றேன்.
'தூங்கு.'